தேதிக்கு ஒரு பக்கம்: வீட்டிலேயே ஒரு தேதி ஏடு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அன்றைய தேதியைப் பற்றிப் பேசுவோம். அதே தேதியில் முன்பு என்னென்ன நடந்தன என்று பார்ப்போம். அதற்கான ஏட்டை வீட்டில் செய்வது எப்படி என்று சில பெற்றோர் கேட்டார்கள். இதோ முறை.

1. நோட்டு. கெட்டி அட்டை போட்டதாக, 366 பக்கத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். நான் பிப்ரவரி 29-ஐ மறந்துவிட்டுப் பிறகு தாள் ஒட்டினேன். அந்த இடத்தில் ஏடு இன்னும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. பக்கத்தின் தலைப்பில் மாதமும் தேதியும் மட்டும் போதும். ஆண்டை இடது ஓரத்தில் எழுதுங்கள்.

2. முதல் குறிப்பு. ஜனவரி 1-இலிருந்து வரிசையாக நிரப்ப உட்கார்ந்தால் பொங்கலுக்குள் சலித்துவிடும். நன்றாகத் தெரிந்த ஒரு தேதியில் தொடங்குங்கள். நமக்கு அது நவம்பர் 16. 1860-இல் சென்னையிலிருந்து, இந்த நாட்டுக்கான முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களாக 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்த நாள்.

3. துணைக் குறிப்பு. ஏட்டின் சுவையே இதில்தான் இருக்கிறது. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அவரோடு தொடர்புடையவர்களின் தேதிகளைத் தேடுங்கள். என் ஏட்டில் பிப்ரவரி 22 இப்படி இருக்கிறது:

1898 – தில்லையாடி வள்ளியம்மை பிறப்பு.
1914 – சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் வள்ளியம்மை மறைவு.
1944 – புனே ஆகாகான் மாளிகையில், காவலில் இருந்தபடியே கஸ்தூரிபா மறைவு.

இருவருமே இந்த நாட்டில் 1913 சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்கள். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே தேதி. இந்தப் பக்கத்தை வாசித்த அன்று வகுப்பில் யாரும் பேசவில்லை. பதினாறு வயது என்றதும் பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

4. குறியிடுதல். தானாக அமைந்த பொருத்தத்துக்கு 'த', வேண்டுமென்றே தேர்ந்த தேதிக்கு 'வே'. காந்தி பிறந்த அக்டோபர் 2-இல் 1975-இல் காமராசர் மறைந்தது 'த'. டிசம்பர் 16 அப்படியல்ல. 1838-இல் இன்கோமே ஆற்றங்கரையில் போயர்கள் (டச்சு வழி வந்த வெள்ளையர்) சூலுப் படையை வென்ற நாள் அது. வெள்ளையர் அரசு அதை விழாவாகக் கொண்டாடியது. அதனாலேயே 1961-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஆயுதப் பிரிவான உம்கோந்தோ வெ சிஸ்வே தன் முதல் குண்டுகளை அன்று வெடித்தது. 1995 முதல் அது நல்லிணக்க நாள். இரண்டுக்கும் 'வே'. இந்தக் குறி இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிள்ளைகள் விதியின் விளையாட்டு என்று நினைத்துவிடுவார்கள்.

5. நள்ளிரவுச் சிக்கல். செப்டம்பர் 11-இல் 1906-இல் காந்தியின் சத்தியாகிரகத்துக்கு வித்திட்ட ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர் கூட்டத்தை எழுதிவிட்டு, கீழே 1921 பாரதியார் மறைவு என்று எழுதினேன். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி என்பதால் இறப்புப் பதிவில் 12 என்று இருப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். தமிழ்நாட்டு அரசு நினைவு நாளாகக் கொள்வது 11. இப்படிப்பட்ட இடங்களில் அடிக்காதீர்கள், அழிக்காதீர்கள். 12-ஆம் பக்கத்தில், 1977-இல் நிறவெறிக்கு எதிராகப் போராடிய ஸ்டீவ் பிக்கோவின் மறைவுக்கு மேலே, பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'பாரதி – முன்பக்கம் காண்க.'