மகளோடு குப்பை பொறுக்கப் போகிறீர்களா? முதலில் பையைச் சின்னதாக்குங்கள்

முதல் தடவை என் மகளைக் கூட்டிக்கொண்டு குப்பை பொறுக்கப் போனபோது அவளுக்கு 5 வயது. ஒரு ஏரிக்கரையில் தன்னார்வலர்கள் கூடிச் செய்யும் தூய்மைப் பணி. ஏற்பாடு செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் கையுறையும் பெரிய கறுப்புப் பையும் கொடுத்தார்கள். கையுறை அவளுக்கு முழங்கை வரை வந்தது. பை கிட்டத்தட்ட அவள் உயரம். இருபது நிமிடத்தில் "அப்பா, கை வலிக்குது" என்றாள். நாற்பதாவது நிமிடத்தில் தரையில் உட்கார்ந்து அழுகை. நானோ எங்கள் பகுதி இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதே என்று அவளை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அன்று தப்பு முழுக்க என்னுடையதுதான்.

இப்போது அவளுக்கு 8 வயது. இதற்குள் பத்துத் தடவைக்கு மேல் போய் வந்துவிட்டோம். ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் எல்லாம் சுலபமானது: குழந்தையோடு போனால் அந்த இடம் முழுசாகச் சுத்தமாகாது. வேகமாக அள்ள வேண்டும் என்றால் தனியாகப் போங்கள். குழந்தையோடு போகும் நாளில் உங்கள் வேலையே வேறு.

இடம் பார்த்துப் பெயர் கொடுங்கள். வண்டிகள் போகும் சாலையோரம், செங்குத்தான கரை, ஓடும் தண்ணீர், இந்த மூன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பூங்கா, விளையாட்டுத் திடல், தட்டையான மணல் இருந்தால் நல்லது. ஏற்பாடு செய்பவரிடம் முன்கூட்டியே மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். பக்கத்தில் கழிப்பறை உண்டா? கை கழுவத் தண்ணீர் உண்டா? நடுவில் கிளம்பினால் பையை எங்கே விடுவது? மூன்றாவது கேள்வி முக்கியம். ஏனென்றால் நீங்கள் நிச்சயம் நடுவில் கிளம்புவீர்கள். 5 வயதுக்கு அரை மணி, 8 வயதுக்கு ஒரு மணி நேரம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அழுகை வந்த பிறகு கிளம்பாதீர்கள். "இன்னும் கொஞ்ச நேரம்பா" என்று அவள் கெஞ்சும்போதே கிளம்பிவிடுங்கள். அடுத்த தடவை அவளே தேதி கேட்பாள்.

சாமான் விஷயத்துக்கு வருவோம். உள்ளங்கைப் பக்கம் ரப்பர் பூச்சு உள்ள, குழந்தை அளவுத் தோட்டக் கையுறை வாங்கிவிடுங்கள். மெல்லிய, தூக்கி எறியும் கையுறை முள்ளுக்கும் கம்பிக்கும் தாங்காது, தவிர அதுவே இன்னொரு குப்பை. விரல்களை மூடும் ஷூ கட்டாயம், செருப்பு வேண்டாம். முழுக்கால் சட்டை, தொப்பி, தூரத்திலிருந்தே கண்ணில் படும் நிறத்தில் மேல்சட்டை. தண்ணீர் பாட்டில். டெட்டனஸ் தடுப்பூசி இருவருக்கும் உரிய காலத்தில் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பைக்குப் பதில் மணலில் விளையாடும் சின்ன வாளி. நான் கண்டுபிடித்ததிலேயே உருப்படியானது இதுதான். வாளி காற்றில் பறக்காது, வாயைப் பிரித்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டாம், உள்ளே கண்ணாடிச் சில்லு இருந்தாலும் காலில் குத்தாது. எல்லாவற்றையும் விட, பத்து நிமிடத்தில் நிறைந்துவிடும். நிறைந்த வாளியைக் கொண்டுவந்து என் பெரிய பையில் கொட்டுவதில் அவளுக்கு இருக்கும் பெருமையைப் பார்க்க வேண்டும். பெரிய பையை அவள் ஒரு நாளும் நிறைத்திருக்க மாட்டாள்.

அப்புறம் இடுக்கி. பிடியை அழுத்தினால் நுனி கவ்வுமே, அந்த நீளக் குச்சி. என் மகள் அதை 'நண்டுக் கை' என்பாள். பெரியவர்களுக்கானது குழந்தைக்குக் கனம், பிடியும் கைக்கு அடங்காது. குட்டையானதாக வாங்குங்கள். வீட்டிலேயே இரண்டு நாள் பழக்குங்கள்: தரையில் காகித உருண்டை, பாட்டில் மூடி, பென்சில் போட்டு எடுக்கச் சொன்னால் போதும். அங்கே போய்த்தான் முதல் முறை தொடுவது என்றால் முதல் கால் மணி நேரம் அடுத்தவர் முதுகில் குத்துவதிலேயே போய்விடும். எனக்குத் தெரியும்.

கிளம்பும் முன் ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லிக்கொடுங்கள். பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது. எங்கள் விதி இது: 'என்னவென்று தெரியாவிட்டால் தொடாதே, கையைத் தூக்கு.' கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த கம்பி, மூடிய பாட்டிலில் ஏதாவது திரவம், பேட்டரி, மருந்து, ஊசி எல்லாம் அதில் அடக்கம். அவள் கையைத் தூக்கியதும் நான் போவேன், கோபப்பட மாட்டேன், ஒன்றும் இல்லாத சமாச்சாரமாக இருந்தாலும் "நல்லா பார்த்தே" என்பேன்.

இதில் இரண்டை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊசியைப் பார்த்தால் நீங்களும் கையால் எடுக்காதீர்கள், மூடியைத் திரும்ப மாட்டவும் முயலாதீர்கள். குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டு, இடத்தைக் காட்டி, ஏற்பாடு செய்தவரைக் கூப்பிடுங்கள். அவர்களிடம் அதற்கென்று கெட்டியான மூடிபோட்ட டப்பா இருக்க வேண்டும். இல்லை என்றால், அந்தக் குழுவோடு அடுத்த தடவை குழந்தையைக் கூட்டிப் போவதா என்று யோசியுங்கள். இன்னொன்று, பளபளக்கும் பட்டன் பேட்டரி. பார்க்கக் காசு மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த பேட்டரியையும் பொதுக் குப்பைப் பையில் போடாமல் தனியாக வைக்க வேண்டும். நசுங்கினால் தீப்பிடிக்கும் வகைகளும் உண்டு.

சரி, குழந்தைக்கு என்ன வேலை கொடுப்பது? பொறுக்குவது மட்டும் என்றால் சீக்கிரம் அலுத்துவிடும். என் மகள் கணக்குப்பிள்ளை. ஒரு அட்டையில் படம் வரைந்து கட்டம் போட்டுக் கொடுப்பேன்: மூடி, பாட்டில், தின்பண்ட உறை, ஸ்ட்ரா, சிகரெட் துண்டு, 'இது என்னனே தெரியலை'. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கி, இன்று உலகம் முழுக்க ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் கடற்கரைத் தூய்மைப் பணியில் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் எண்ணி எழுதுகிறார்கள். சிகரெட் துண்டுதான் பல வருடங்களாக அந்தப் பட்டியலில் முதலிடம் என்று தெரிந்ததும், இப்படி எண்ணியதால்தான்.

சிகரெட் துண்டைப் பற்றி அவள் கேட்டாள், "பஞ்சுதானே, மக்கிடாதா?" பஞ்சு மாதிரி தெரிகிறதே தவிர, வடிகட்டிப் பகுதி பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக். அதை இடுக்கியால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நிறைய கிடந்தால் நீங்கள் எடுங்கள், அவள் எண்ணட்டும்.

சின்னச் சின்னத் துண்டுகளில் நம்மை விடக் குழந்தைகள் கில்லாடிகள். அவர்கள் கண் தரைக்கு அருகில் இருக்கிறது, அவசரமும் இல்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக்கை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். உடைந்து உடைந்து அந்த அளவுக்குப் போய்விட்டால் யாராலும் பொறுக்க முடியாது. விரல் நகம் அளவில் இருக்கும்போதே எடுக்கத்தான் இவர்கள். மணல் என்றால் ஒரு பழைய சல்லடை கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள். நான் ஒரு பை நிறைப்பதற்குள் அவள் அரை டம்ளர்தான் சேர்த்திருப்பாள். அந்த அரை டம்ளருக்காக நான் குனிந்திருக்கவே மாட்டேன்.

எதை எடுக்கக் கூடாது என்பதும் ஒரு பாடம். சருகு, சுள்ளி, சங்கு, சிப்பி குப்பை இல்லை. பாட்டிலையோ டப்பாவையோ எடுக்கும் முன் உள்ளே பார்க்க வேண்டும், பூச்சியோ நத்தையோ குடியிருக்கலாம். ஒருமுறை பறவைக் கூட்டில் நீல பிளாஸ்டிக் கயிறு பின்னியிருந்தது. எடுத்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தாள். கூட்டைத் தொடாமல் விட்டோம். கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டாள்.

"ஏம்பா இங்க போடுறாங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். போட்டவரைத் திட்ட ஆரம்பித்தால், குழந்தை அடுத்த நாள் தெருவில் யாரையாவது பார்த்து அதே வார்த்தையைச் சொல்லும். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் "இது எப்படி இங்க வந்திருக்கும்னு நீயே சொல்லு" என்கிறேன். காற்றில் வந்தது, குப்பைத்தொட்டி வழிந்து விழுந்தது, நாய் இழுத்து வந்தது, மழைநீரில் அடித்து வந்தது என்று அவளே அடுக்குவாள். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும்.

முடிந்ததும் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, அதன் பிறகுதான் தண்ணீர் பாட்டிலைத் தொட வேண்டும். நடுவில் தாகம் எடுத்தாலும் இதே முறைதான். படம் எடுப்பதாக இருந்தால் பையையும் உங்கள் குழந்தையையும் எடுங்கள், அடுத்தவர் பிள்ளைகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கையுறையும் இடுக்கியும் துவைத்து வெயிலில் காயட்டும்.

கணக்கு அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஏழு அட்டை தொங்குகிறது. போன தடவை பாட்டில் மூடி 63. அதற்கு முந்தின தடவை 41. "இடம் மோசமாயிடுச்சாப்பா, இல்ல நான் நல்லா தேடுறேனா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போய் எண்ணிப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.