அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ரெஸ்யூம் போடுகிறீர்களா? ஸ்கில்ஸ் பகுதியில் கொஞ்சம் கை வையுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது ரெஸ்யூம் எல்லாம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். போன வாரம் ஒரே நாளில் பதினேழு. எழுத்துப்பிழை, செல்ஃபி போட்டோ இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது ஸ்கில்ஸ் பகுதியில்தான், ஏனென்றால் வேலை தேடிய காலத்தில் நானும் இதே கூத்தைத்தான் அடித்தேன்.

கோர்ஸ் சிலபஸை அப்படியே இறக்குவது

மூன்று மாத டேலி கோர்ஸ் முடித்தவர்களின் ரெஸ்யூம் எல்லாம் ஒரே அச்சு. டேலி பிரைம், ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ, அட்வான்ஸ்டு எக்செல், எஸ்ஏபி (பெரிய கம்பெனிகளில் ஓடும் சாஃப்ட்வேர்). இன்ஸ்டிட்யூட் நோட்டீஸில் இருக்கும் அதே வரிசை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்களை முன்பின் தெரியாது, அந்தத் தாளில் இருப்பதைத்தான் கேட்பார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று போட்டிருந்தால், விற்பனை, வரிக் கணக்கைக் காட்டும் 3பி ஃபாரத்தை எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்று கேட்பேன். 20 என்பார்கள். சரி, காலாண்டுக்கு ஒருமுறை போடுகிறவருக்கு? தமிழ்நாட்டில் 22 என்று, ஒருமுறையாவது தன் கையால் போட்டவர் யோசிக்காமல் சொல்வார். மற்றவர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

நானும் பார்த்திருக்கிறேன். 'அட்வான்ஸ்டு எக்செல்' என்று போட்டுக்கொண்டு போன இடத்தில், ஒரு பெயரைத் தேடி அதற்கு நேரே இருப்பதை எடுத்துவரும் விலுக்அப் ஃபார்முலாவின் கடைசியில் ஃபால்ஸ் எதற்குப் போடுகிறோம் என்று கேட்டார் ஒருவர். "அப்படித்தான் சார் சொல்லிக்கொடுத்தாங்க" என்றேன். அதைப் போடாமல் விட்டால் சரியான பெயர் இல்லாதபோது பக்கத்தில் கிடைப்பதை எடுத்து வந்துவிடும், ஒரு பார்ட்டியின் பாக்கி இன்னொரு பார்ட்டி தலையில் ஏறும் என்று அவரே விளக்கினார். அதோடு சரி. ஒன்றரை வருடம் நான் நிஜமாகவே செய்த பேங்க் ரிகான்சிலேஷனை, அதாவது பேங்க் ஸ்டேட்மென்டை நம் கணக்கோடு ஒத்துப் பார்க்கும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வரி பொய் என்று தெரிந்ததும் மற்ற வரிகளையும் நம்பாமல் போய்விட்டார், அவர் மேல் தப்பு இல்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தார். முதல் வரியே எஸ்ஏபி, அடுத்தது பவர் பிஐ. முதலாளியும் பக்கத்தில் இருந்தார். எஸ்ஏபியில் என்ன செய்தீர்கள் என்றதற்கு "டெமோ பார்த்தேன் சார்" என்றார். அப்புறம் பழைய கம்பெனியில் என்னதான்ம்மா வேலை என்று கேட்டால், ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலி வேலைக்கு) துணி அனுப்ப டிசி (டெலிவரி சலான்) போடுவாராம், சரக்கு கொண்டுபோக இ-வே பில் எடுப்பாராம், 14-ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் பர்ச்சேஸ் பில்லோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, விட்டுப்போன பில்லுக்கு சப்ளையரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவாராம். இதில் ஒன்றுகூட ரெஸ்யூமில் இல்லை! 2பி-யில் ஏறாத பில்லுக்கு வரி கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, பணம் அப்படியே முடங்கும், எங்களுக்கு ஆள் வேண்டியதே அதற்குத்தான். "அதெல்லாம் சாதாரண வேலைதானே, எழுதலாமா சார்?" என்கிறார். வேலை கிடைத்தது. ஆனால் டெமோ கதையைக் கேட்ட முதலாளி, மனதில் வைத்திருந்த சம்பளத்தில் இரண்டாயிரத்தைக் குறைத்துவிட்டார்.

அதனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் எங்கே, எப்போது, மாசம் எத்தனை பில் என்று எழுதிப் பாருங்கள். எழுத வராததை எடுத்துவிடுங்கள். கோர்ஸில் மட்டும் படித்ததா? 'படித்தது' என்று தனியாகப் போடுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

விளம்பரத்தைப் படிக்காமல் அனுப்புவது

அவர்கள் 'இ-இன்வாய்ஸ்' என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் அதையே செய்துகொண்டு 'பில்லிங்' என்று எழுதியிருப்பீர்கள். நூறு ரெஸ்யூமில் தேடுகிறவர் தன் வார்த்தையைத்தான் தேடுவார். செய்த வேலை என்றால் அவர்கள் வார்த்தையிலேயே, மேலே போடுங்கள்.

எம்எஸ் வேர்டு

வேண்டாம்.

எக்செல் 80%

மீதி 20 எது என்று கேட்பேன்.

ஹார்டு ஒர்க்கிங், டீம் பிளேயர்

சோம்பேறி என்று இதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஹிந்தி

பேச வந்தால் கட்டாயம் எழுதுங்கள், இங்கே வடக்கே இருந்து வந்து வேலை செய்கிறவர்கள் நிறைய. ஆனால் ஆறாவது படிக்கும்போது பிராத்மிக் பாஸ் பண்ணியதை நம்பி எழுதாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் போடும்போது கணக்கு குறைகிறது என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள், அன்றைக்கு உங்களைத்தான் முன்னால் தள்ளுவோம்.