கண்மாய் வேலைக்கு பெண்களையும் பசங்களையும் கூப்பிடுறீங்களா? இந்த தவறுகளை பண்ணாதீங்க

மதுரைய சுத்தி எந்த ஊருக்கு போனாலும் இப்ப ஏதாவது ஒரு வேலை நடக்குது, கண்மாய் தூர்வாருறாங்க, பனை விதை போடுறாங்க, வரத்துக் கால்வாயில கிடக்குற பிளாஸ்டிக்க அள்ளுறாங்க. ரொம்ப நல்ல விஷயம். 2024 அக்டோபர் மழையில செல்லூர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்தத பாத்தோம், கோடையில அதே ஊர்க்காரங்க குடத்த தூக்கிட்டு லாரிக்கு அலையுறதையும் பாக்குறோம், வெயிலும் மழையும் முன்ன மாதிரி இல்லன்னு யாருக்கும் புரிய வைக்க வேண்டியதே இல்ல. ஆனா "பெண்களையும் இளைஞர்களையும் சேத்துக்கிட்டோம்"னு சொல்லிட்டு நிறைய இடத்துல நடக்குறத பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு. வேலை செய்ய கூப்பிடுறாங்க, போட்டோவுக்கு கூப்பிடுறாங்க, முடிவெடுக்க மட்டும் கூப்பிடுறதில்ல. மத்த தவறெல்லாம் இங்க இருந்துதான் ஆரம்பிக்குது.

முதல்ல நேரமும் இடமும். ராத்திரி ஏழு மணிக்கு சாவடியில, அதான் ஊரு பொது மண்டபத்துல, கூட்டம்னு சொல்லிருவாங்க. அந்த நேரத்துல எந்த வீட்டுல அடுப்பு எரியாம இருக்கு? அதுவும் போக நிறைய ஊர்ல சாவடியில பொம்பளைங்க ஏறி உக்காருற பழக்கமே கிடையாது, ஓரமா நின்னு கேட்டுட்டு போயிருவாங்க, அப்புறம் "கூப்பிட்டோம் வரல"ன்னு பேச்சு. மல்லிப்பூ பறிக்க போறவங்க இருட்டோட தோட்டத்துக்கு போயிருவாங்க, களையெடுக்க போறவங்க மத்தியானத்துக்கு மேலதான் வீடு திரும்புவாங்க, அதனால நீங்களா ஒரு நேரத்த முடிவு பண்ணாதீங்க. மகளிர் குழு கூட்டம் எப்படியும் நடக்கும்ல, அதுலயே ஒரு அரைமணி நேரம் கேட்டு வாங்குங்க. கூட்டத்த தெருவுக்கு தெரு மாத்தி வைங்க, காலனியிலயும் வைங்க, ஒரே தெருவுல வச்சா அந்த தெரு ஆளுங்க மட்டுந்தான் வருவாங்க, கண்மாய் எல்லாருக்கும் பொதுவானது.

வாட்ஸ்அப் குரூப்ப நம்பி இருக்காதீங்க. பாதி பேருக்கு வீட்டுக்காரர் நம்பர்தான் குரூப்புல இருக்கும், மெசேஜ் அவரோடயே நின்னுரும். நேர்ல போய் சொல்லுங்க.

அடுத்தது கொஞ்சம் பெரிய விஷயம், சீமைக்கருவேலம். அத எடுக்கணும்ங்குறதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. ஆனா அந்த முள்ளுதான் இன்னைக்கும் எத்தனையோ வீட்டுல விறகு, சிலிண்டர் இருந்தாலும் வெந்நீர் போடவும் விசேஷத்துக்கு சமைக்கவும் அதுதான், வெட்டி வித்து நாலு காசு பாக்குற பொம்பளைங்களும் இருக்காங்க. நாலு ஆம்பளைங்க பேசி ஒரே நாள்ல ஜேசிபிய இறக்கிட்டா மறுநாள் அவங்க விறகுக்கு எங்க போவாங்க? முன்னாடியே கேட்டிருந்தா ஒரு பக்கமா எடுத்துட்டு வாங்க, வெட்டுன விறக எங்களுக்கு குடுத்துருங்க, கரையில அந்த இடத்துல புங்கன் வைங்கன்னு அவங்களே வழி சொல்லியிருப்பாங்க. எந்த மடை அடைச்சு கிடக்கு, எந்த மாசத்தோட தண்ணி வத்தும், எந்த கிணறு முதல்ல உப்பாகும், இதெல்லாம் குடம் தூக்குறவங்களுக்கும் மாடு பத்துறவங்களுக்கும் தெரியுற அளவுக்கு எந்த எஸ்டிமேட்லயும் இருக்காது.

"அவங்க படிக்கலையே, அவங்களுக்கு என்ன தெரியும்"னு யாராவது சொன்னா சின்னப்பிள்ளை அம்மாவ நினைச்சுக்கோங்க. அழகர்கோவில் பக்கத்துல இருந்து வந்த விவசாயக் கூலி, பள்ளிக்கூடம் போனதில்ல, களஞ்சியம்ங்குற மகளிர் சேமிப்புக் குழுக்கள்ல ஆயிரக்கணக்கான பெண்கள ஒண்ணு சேத்தாங்க, வாஜ்பாய் அவங்க கால தொட்டு வணங்குனாரு, 2019ல பத்மஸ்ரீ.

இன்னொன்னு, பொம்பளைங்க நேரத்த சும்மா கிடைக்குறதா நினைக்காதீங்க. ஒரு நாள் கரை வேலைக்கு வந்தா ஒரு நாள் கூலி போச்சு. உடல் உழைப்பா இருந்தா கூலி வர்ற மாதிரி திட்டத்துல சேத்து பண்ணுங்க. ஜேசிபி வாடகைக்கு பணம் இருக்கு, அவங்களுக்கு மட்டும் "சேவை"ங்குறது நியாயமே இல்ல.

இப்ப பசங்க விஷயத்துக்கு வர்றேன். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தா போதும், ஸ்கூல் பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு மரக்கன்னு நட சொல்லுவாங்க. நம்ம ஊருக்கு பெரிய மழை வடகிழக்கு பருவமழைதான், அது அக்டோபர்லதான் ஆரம்பிக்கும், ஜூன்ல நட்ட கன்னுக்கு நாலு மாசம் யாரு தண்ணி ஊத்துவா? கன்னு காஞ்சு போனத அந்த பிள்ளையே வந்து பாக்கும், அதுக்கப்புறம் அடுத்த தடவை கூப்பிட்டா மனசு விட்டு வராது. ஐப்பசிய ஒட்டி நடுங்க, ஒரு கன்னுக்கு ரெண்டு பேருன்னு பொறுப்பு குடுங்க. மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், அப்ப கூப்பிடாதீங்க. பன்னெண்டாவது முடிச்சு போற பிள்ளைங்க கையில இருக்குற கன்னுக் கணக்கு எழுதுன நோட்டு அடுத்த செட்டுக்கு வந்தாகணும், இல்லன்னா வருஷா வருஷம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

காலேஜ் பசங்களுக்கு உறுதிமொழியும் பேரணியும் மட்டும் குடுத்து அனுப்பாதீங்க, அவங்களால அதவிட எவ்வளவோ முடியும். எந்த நிலம் என்ன வகைன்னு சொல்ற வருவாய்த்துறையோட அ-பதிவேடு ஆன்லைன்லயே கிடைக்குது, கண்மாயோட சர்வே நம்பர் எடுத்து, வரத்துக் கால்வாய் எங்கிட்டு போகுது எங்க அடைபட்டிருக்குன்னு நடந்து பாத்து குறிச்சு, தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போட்டு பதில் வாங்கி, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்குற வரைக்கும் அவங்க பண்ணுவாங்க. பொம்பளப் பிள்ளைங்க வரணும்னா இருட்டுறதுக்குள்ள முடிங்க, பக்கத்துல பாத்ரூம் இருக்கான்னு பாருங்க, வீட்டுல அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. இது இல்லாம "பிள்ளைங்க ஆர்வம் காட்டல"ன்னு சொல்றது தப்பு.

அரிட்டாபட்டி நம்ம கண்ணு முன்னாடி நடந்தது. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமா அறிவிச்ச ஊரு, 2024ல டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் விட்டாங்க. மேலூர் பக்கம் ஊருஊரா கிராமசபையில தீர்மானம் போட்டாங்க, பெண்களும் இளவட்டங்களும் ரோட்டுக்கு வந்தாங்க, 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு. போராட்டத்துல முன்னால நிக்குற அதே பெண்கள் கண்மாய் கமிட்டி போடும்போது எங்க போறாங்க? பேருக்கு ரெண்டு பேர சேத்து கையெழுத்து மட்டும் வாங்காதீங்க, பேங்க் கணக்குல கையெழுத்து போடுற ரெண்டு பேர்ல ஒருத்தர் பெண்ணா இருக்கட்டும், ஒரு இளவட்டம் கணக்கு எழுதட்டும். உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்குன்னு 2016லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்திருச்சு, இன்னும் பஞ்சாயத்து தலைவிக்கு பதிலா வீட்டுக்காரர் பேசுனா நாமதான் "அக்கா, நீங்க சொல்லுங்க"ன்னு கேக்கணும்.

கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி பெண்கள் தனியா, பசங்க தனியா உக்காந்து என்ன கேக்கணும்னு எழுதி வச்சுக்கட்டும். அன்னைக்கு தீர்மான நோட்டுல ஏத்துன வார்த்தைய வாசிச்சு காட்ட சொல்லுங்க. அப்புறம் அந்த தீர்மானமும் குடுத்த மனுவும் என்ன ஆச்சுன்னு அதே மகளிர் குழு கூட்டத்துல போய் சொல்லுங்க, தள்ளுபடி ஆனாலும் யாரு என்ன காரணம் சொன்னாங்கன்னு சொல்லுங்க, அத கேட்டுட்டுதான் அவங்க அடுத்த மனுவ எழுதுவாங்க.