இரட்டைப் பார்வைக்குப் பின்னால் ஒரு கட்டி: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது என்று போனால் கண்ணைச் சோதிப்பார்கள். சர்க்கரை இருந்தால், "நரம்பு பலவீனம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாத பிறகும் ஸ்கேன் எடுக்காமல் காத்திருப்பதுதான் தவறு. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு, மூளைத்தண்டுக்கு முன்னால் உள்ள கிளைவஸ் எலும்பை ஒட்டியே ஏறுகிறது. அந்த எலும்பில் வளரும் கார்டோமா என்ற கட்டி, பல நேரம் இரட்டைப் பார்வையாகத்தான் தலைகாட்டும்.

உடம்பு முழுவதையும் சேர்த்தாலே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் கட்டி இது. மெதுவாக வளர்வதால் சாதுவானது என்று நினைத்துவிடுகிறார்கள். எலும்பை அரிக்கும், எடுத்த பிறகும் திரும்ப வரும்.

எம்ஆர்ஐ மட்டும் போதாது. எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சிடிதான் காட்டும். குருத்தெலும்புப் புற்றுநோயான காண்ட்ரோசார்கோமாவும் ஸ்கேனில் ஏறக்குறைய கார்டோமா மாதிரியே இருக்கும், பெரும்பாலும் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி. திசுவில் பிராக்கியூரி என்ற புரதம் இருந்தால் கார்டோமா. அதைப் பார்க்காமல் அறிக்கை தந்தால் கேட்டு வாங்குங்கள்.

திசு எடுப்பதிலும் அவசரம் ஆகாது. வேறொரு கட்டியை உதாரணமாகச் சொல்கிறேன்: பதின்வயதுப் பையனுக்கு ஒரு பக்க மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம், உள்ளே சதை. கிளினிக் நாற்காலியிலேயே கிள்ளிப் பார்த்தால், அது ரத்தக்குழாய்கள் நிறைந்த ஆஞ்சியோஃபைப்ரோமா கட்டியாக இருந்து ரத்தம் கொட்டக்கூடும். முதலில் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, "இப்போதைக்குக் கொஞ்சம் எடுப்போம்" என்று தொடங்கும் முதல் அறுவை. கார்டோமாவை முடிந்தவரை முழுதாக எடுக்க நல்ல வாய்ப்பு அந்த முதல் முறைதான். அடுத்த முறை தழும்புக்கு நடுவே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். மூக்கு வழி எண்டோஸ்கோப்பி அறுவை என்றால் ஈஎன்டி மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து செய்கிறார்களா, இதுவரை எத்தனை செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள். பின்னால் தரும் கதிர்வீச்சையும் முன்பே பேசிவிடுவது நல்லது. அதில் ஒரு வகையான புரோட்டான் சிகிச்சை 2019 முதல் சென்னையிலேயே இருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு, குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதா? சளி என்று விட்டுவிடாதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்தாலும் அப்படித்தான் இருக்கும். மூளைக்காய்ச்சல் வர அது வழி. மூக்கைச் சிந்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.