ஒரு பல் தாண்டிய டைமிங் பெல்ட்

1,60,000 கி.மீ. ஓடிய என் பழைய டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறியது. காட்பாடி மேம்பாலம் ஏறவே இழுவை இல்லை. பேட்டரி, டீசல் ஃபில்டர், ஹீட்டர் பிளக் என்று மாற்றி நான்கு நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் சத்துவாச்சாரி மெக்கானிக் அண்ணன் டைமிங் கவரின் அடியில் காய்ந்த பச்சைக் கறையைக் காட்டினார். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்)! பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் சரியான நேரத்தில் இணைத்துச் சுற்றும் பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் கசிந்து பெல்ட் ஊறியிருக்கிறது. கவரைக் கழற்றினால், கேம் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) குறி ஒரு பல் விலகி நின்றது. அதனால்தான் அந்தத் திணறல். பெல்ட் அறுந்திருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்திருக்கும். (பழைய ஓனர் பெல்ட் மாற்றினாரா என்று நான் கேட்டதே இல்லை.)

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றும் புதிது போட்டோம். சாவி போடும் முன் கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தோம். குறிகள் மறுபடி நேராக வந்து நின்றன. முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.