கிளம்ப மறுக்கும் பழைய அவுட்போர்டு இன்ஜின்: எங்கிருந்து தேடத் தொடங்குவது

குமரி மாவட்டக் கடற்கரையில் வள்ளங்களின் பின்புறம் வெளியே பொருத்தப்படும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின்களில் பல, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. அப்படிப்பட்ட பழைய இன்ஜின் ஒன்று, எத்தனை முறை கயிற்றை இழுத்தும் கிளம்பவில்லையென்றால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முந்தைய நாள் அது எந்த எரிபொருளில் ஓடி நின்றது? மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும்; பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கியிருக்கும்போது குளிர்ந்த இன்ஜினை இழுத்துக்கொண்டிருப்பது தோள்பட்டைக்குத்தான் கேடு. கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துவிட்டு, பெட்ரோலால் கிண்ணத்தை நிரப்பி இழுத்துப் பாருங்கள். பல நாட்களில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

குப்பியில் பிடித்ததை உடனே கொட்டிவிட வேண்டாம். சில நிமிடம் அசையாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருப்பின் அது அடியில் தனிப்படலமாகத் தங்கும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுவதால், கடற்காற்றின் ஈரத்தை அது எளிதில் ஈர்த்துக்கொள்கிறது. ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் டாங்கில் கிடந்த பெட்ரோலை நம்பி இன்ஜினைக் குறை சொல்வது நியாயமன்று.

எளியவற்றையும் தவறாமல் பார்த்துவிட வேண்டும். நிறுத்துவிசையின் கிளிப் தன் இடத்தில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, டாங்க் மூடியின் காற்றுத்திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பல்பை, அதன் அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்கும்படி பிடித்து அழுத்துங்கள். சில அழுத்தங்களில் அது கெட்டியாக வேண்டும். எவ்வளவு அழுத்தியும் தொளதொளவென்றே இருந்தால், எங்கோ காற்று உள்ளே புகுகிறது அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. அழுத்திய பல்பு மீண்டும் எழாமல் சப்பையாகவே நின்றால், டாங்க் பக்கம் அடைப்பு உள்ளது.

அடுத்து, சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றுங்கள்; பழுது எந்தப் பக்கம் என்பதை அதுவே சொல்லிவிடும். முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. தீப்பொறியைத் தேட வேண்டும், அல்லது காற்றைக் குறைக்கும் சோக்கை அதிகமாக இழுத்து சிலிண்டரை நனைத்துவிட்டோம். நனைந்த சிலிண்டரை உலர்த்த, எரிபொருள் குழாயைக் கழற்றி, சோக்கை முழுவதும் திறந்து, பிளக்குகளின் ஒயர்களை இன்ஜின் உடலோடு எர்த் செய்துவிட்டு, பிளக் இல்லாமல் சில முறை இழுத்தால் போதும்.

தீப்பொறி சோதனையில் அவசரம் ஆபத்தானது. திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும் என்பதால், ஆவி முழுவதும் கலைந்த பின், பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் உடலை இறுக்கமாகத் தொடும்படி வைத்து, ஒயரைக் கையால் தொடாமல் இழுக்க வேண்டும். நீல நிறத்தில் சட்டென்று வெடிக்கும் பொறி நல்லது. மஞ்சளாய் மெலிந்த பொறியை நம்பக் கூடாது. முதலில் புதிய பிளக் போட்டுப் பாருங்கள். என்ஜிகே நிறுவனத்தின் பிளக் எண்ணின் கடைசியில் 10 என்றிருந்தால் பொறி தாவும் முனை இடைவெளி 1.0 மில்லிமீட்டர் என்று பொருள். புதிய பிளக்கிலும் பொறி வராவிட்டால், நிறுத்துவிசையின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது பொறி வந்தால், உப்பு அரித்த விசையே குற்றவாளி. அந்த ஒயரை இணைக்காமல் இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். கிளம்பினால் பொத்தானை அழுத்தி நிறுத்த முடியாது.

பொறியும் எரிபொருளும் சரியாக இருந்தும் கிளம்பாத இன்ஜினில், கார்பரேட்டரில் எரிபொருள் செல்லும் நுண்ணிய ஜெட் துளைகளைப் பாருங்கள். உலர்ந்துபோன எரிபொருளின் பிசின் அவற்றை அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், ஆகவே கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதன் பிறகு, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் அளவியைப் பொருத்திப் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு காட்டினால், ரிங் அல்லது கேஸ்கெட் போயிருக்கலாம். அது கரையில் வைத்து முடிக்கும் வேலையன்று. கம்ப்ரஷனும் சரியாக இருந்து, இழுக்கும்போது கயிறு திருப்பியடித்தால், பிளைவீலின் சாவிக்கட்டை வெட்டுப்பட்டு பொறி வரும் நேரமான டைமிங் தப்பியிருக்கலாம்.

இத்தனையையும் கரையில் சோதிக்கும்போது, இன்ஜினின் கீழ்ப்பகுதி நீருறிஞ்சும் துளைக்கு மேல் மூழ்கும்படி தண்ணீர் நிரம்பிய டிரம்மில் நிற்க வேண்டும். உலர்ந்து ஓடினால் நீரேற்றும் ரப்பர் இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே சிதைந்துவிடும். இன்ஜின் கிளம்பியவுடன் பின்னால் நீர்த்தாரை வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். வந்தால் சூடேறும்வரை பெட்ரோலிலேயே ஓடவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். கரை சேர்வதற்குச் சற்று முன்பே மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டிய பின் நிறுத்துங்கள்.