லிங்க் ஆக்டிவ், செஷன் மட்டும் இல்லை: மெயின்ஃபிரேம் ஏபிபிஎன் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மெயின்ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஓர் இணைப்பு அமைத்தாயிற்று. கன்சோலில் டிஸ்ப்ளே போட்டுப் பார்த்தால் பியூ (இணைப்பின் அடுத்த முனையைக் குறிக்கும் பெயர்) ஆக்டிவ் என்று வருகிறது. உடனே டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கத்து அப்ளிகேஷனுக்கு லாகான் ஆகவில்லை என்று போன் வருகிறது. ஏபிபிஎன் (ஐபிஎம்மின் சமநிலை நெட்வொர்க் முறை) இணைப்புகளில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஆக்டிவ் என்ற அந்த ஒரு சொல்லை நம்பி அங்கேயே நின்றுவிடுவதால் வருபவை என்பது என் உறுதியான கருத்து.

ஐபிஎம் 1974-ல் கொண்டுவந்த எஸ்என்ஏ என்ற நெட்வொர்க் முறை, எல்லாவற்றையும் பெரிய ஹோஸ்ட்டே நிர்வகிக்கும் படிநிலை அமைப்பு. சம அந்தஸ்துள்ள நோடுகள் தாங்களே ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும் ஏபிபிஎன், 1980-களில் சிஸ்டம்/36 கணினியில் தொடங்கி, பிறகு மெயின்ஃபிரேமின் நெட்வொர்க் மென்பொருளான வீட்டாமுக்கு வந்தது. இன்று இந்த இணைப்புகள் பெரும்பாலும் என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் வழியாக, அதாவது ஐபி நெட்வொர்க்கில் யுடிபி பாக்கெட்டுகளாகப் போகின்றன. ஆகவே வீட்டாம், டிசிபிஐபி, ஃபயர்வால் ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் இந்த மூன்றையும் மூன்று வேறு குழுக்கள் பார்த்துக்கொள்வதால், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

பியூ ஆக்டிவ் என்றால், இரு பக்கமும் எக்ஸ்ஐடி (அடையாளச் செய்தி) பரிமாறி அறிமுகம் செய்துகொண்டன என்று மட்டுமே அர்த்தம். அதற்கு மேல் இரு நோடுகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கிடையே சிபி-சிபி செஷன்கள் எழ வேண்டும். அவை இரண்டு, திசைக்கு ஒன்று. டோப்பாலஜி (எந்த நோடு எதோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடம்) தகவலும், ஒரு எல்யூ (அப்ளிகேஷன் போன்ற செஷன் முனை) எங்கே இருக்கிறது என்ற தேடலும் இவற்றில்தான் ஓடும். எனவே பியூவைப் பார்த்ததும் நிறுத்தாமல் ‘டிஸ்ப்ளே நெட், ஏட்ஜேசிபி’ போட்டு அடுத்த நோடின் நிலையைப் பாருங்கள். அப்புறம் ‘டிஸ்ப்ளே நெட், ஏபிங்’ போடுங்கள். அது நிஜமான எல்யூ 6.2 (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வகை) செஷன் ஒன்றைத் தொடங்கி, எத்தனை மில்லி செகண்டில் பதில் வந்தது, எந்தெந்த நோடு வழியாகப் போனது என்பதைக் காட்டும். ஏபிங் ஓடாத இணைப்பை முடிந்த வேலையாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஃபயர்வாலில் ஒரே போர்ட்

அடிக்கடி நடக்கும் தவறு இது. என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டருக்கு 12000 முதல் 12004 வரை ஐந்து யுடிபி போர்ட்டுகள் வேண்டும். ஃபயர்வால் குழுவுக்குப் போகும் கோரிக்கையில் ‘போர்ட் 12000’ என்று மட்டும் எழுதிவிடுவார்கள். சில சமயம் யுடிபிக்குப் பதிலாக டிசிபி என்று போய்விடும்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வேலை உண்டு. 12000-ல் எக்ஸ்ஐடி போன்ற லிங்க் நிலைச் செய்திகள் போகும். 12001 நெட்வொர்க் முன்னுரிமைக்கு. சிபி-சிபி செஷன்கள் இதில்தான் போகும். 12002 உயர் முன்னுரிமை, 12003 நடுத்தரம், 12004 தாழ்ந்தது. இப்போது அறிகுறிகளைப் பொருத்திப் பாருங்கள். 12000 மட்டும் திறந்திருந்தால் லிங்க் ஆக்டிவ் ஆகும், சிபி-சிபி எழாது. முதல் பத்தியில் சொன்ன நிலை இதுதான். 12004 மட்டும் அடைபட்டிருந்தால் விஷயம் இன்னும் மோசம். பகலில் திரைகள் நன்றாக ஓடும், ஏனென்றால் இன்டராக்டிவ் வேலை 12002-ல் போகிறது. பேட்ச் வகுப்பில் போகும் ராத்திரி ஃபைல் டிரான்ஸ்ஃபர் மட்டும் நின்றுவிடும். நெட்வொர்க்கில் குறையே இல்லை என்று பகல் ஷிஃப்ட் அடித்துச் சொல்லும். அவர்கள் பார்த்த வரையில் அது உண்மையும்கூட.

ஐந்து போர்ட்டுகளையும் இரு திசைகளிலும் வெளிப்படையான விதியாகத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளிருந்து போனதற்குப் பதில் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும் போர்ட்டின் யுடிபி பதிவை ஃபயர்வால் அழித்துவிடும். போர்ட் எண்ணை மாற்றும் நாட் (முகவரி மாற்றும் அமைப்பு) இருந்தால் இந்த இணைப்பு வேலையே செய்யாது, ஏனென்றால் இரு முனையிலும் அதே எண் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ‘டிஸ்ப்ளே நெட், இஇடயாக்’ கட்டளையை ‘டெஸ்ட்=யெஸ்’ போட்டு ஓட்டுங்கள். ஐந்து போர்ட்டையும் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லும். அந்த அவுட்புட்டை அப்படியே ஃபயர்வால் குழுவுக்கு அனுப்பினால் வீண் விவாதம் இருக்காது.

பெயரும் எல்லையும்

ஒரு சிஸ்டத்தை குளோன் செய்து இன்னொன்றை உருவாக்கும்போது வீட்டாமின் தொடக்க அமைப்புகள் உள்ள ஸ்டார்ட் ஆப்ஷன் மெம்பரும் அப்படியே வந்துவிடும். அதில் நெட்ஐடி (நெட்வொர்க்கின் பெயர்), எஸ்எஸ்சிபிநேம் (அந்த வீட்டாமின் பெயர்) இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நோடின் முழுப் பெயர். ஒரே முழுப் பெயரில் இரண்டு நோடுகள் இருந்தால் டோப்பாலஜி குழம்பும். டெஸ்ட் சிஸ்டம்தானே என்று இதை விட்டுவைக்காதீர்கள்.

வேறு நிறுவனத்தோடு இணையும்போது நெட்ஐடி வேறாக இருக்கும். இரண்டு பக்கமும் நெட்வொர்க் நோடாக (மற்ற நோடுகளுக்காகவும் பாதையும் தேடலும் பார்ப்பது) இருந்தால் சாதாரண அமைப்பில் அவற்றுக்கிடையே சிபி-சிபி செஷன் வராது. அதற்கு எல்லையில் நிற்கும் பார்டர் நோடு வேண்டும், அதாவது ‘பிஎன்=யெஸ்’. லிங்க் எழுந்துவிடுவதால் இந்தக் குறை கண்ணில் படாமலே போகும்.

எல்லாமே நெட்வொர்க் நோடு

சமநிலை நெட்வொர்க் என்றதும் எல்லா எல்பாரையும் (மெயின்ஃபிரேமுக்குள் பிரித்த தனித்தனிச் சிஸ்டங்கள்) நெட்வொர்க் நோடாக ஆக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு நெட்வொர்க் நோடும் முழு டோப்பாலஜியையும் வைத்திருக்கும். ஒரு லிங்க் விழுந்தால் செய்தி அத்தனை நெட்வொர்க் நோடுகளுக்கும் பரவும். சிஸ்பிளெக்ஸில் (ஒன்றாக இயங்கும் மெயின்ஃபிரேம் தொகுப்பு) ஒன்றிரண்டு நெட்வொர்க் நோடு போதும், மற்றவை எண்ட் நோடாக (தன் செஷன்களை மட்டும் பார்ப்பது) இருக்கட்டும். ஜெனரிக் ரிசோர்ஸ் (ஓர் அப்ளிகேஷனின் பல பிரதிகளுக்கு ஒரே பெயர்) பயன்படுத்தினால் சிஸ்பிளெக்ஸுக்குள் குறைந்தது ஒரு நெட்வொர்க் நோடாவது இருந்தே ஆக வேண்டும்.

டைமர்களை ஒன்றை மட்டும் மாற்றுவது

வேன் லைன் (தொலைதூர இணைப்பு) அடிக்கடி ஆடினால் முதலில் கை போவது லிவ்டைமில். வழக்கமான மதிப்புகள்: லிவ்டைம் 10 வினாடி, எஸ்ஆர்க்யூடைம் 15 வினாடி, எஸ்ஆர்க்யூரீட்ரை 3. அமைதியான 10 வினாடிக்குப் பிறகு ஒரு சோதனை, மூன்று மறுமுயற்சி, ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி காத்திருப்பு. மொத்தம் 70 வினாடியில் லிங்க் செத்ததாக அறிவிக்கப்படும். இதே நேரத்தில் ஹெச்பிஆர் பைப் (செஷன்களைச் சுமந்து, லிங்க் விழுந்தால் வேறு பாதைக்கு மாறும் வழி) தன் கணக்கில் மாற்றுப் பாதை தேடிக்கொண்டிருக்கும். அந்தத் தேடலுக்கான கால வரம்பான ஹெச்பிஆர்பிஎஸ்டியின் வழக்கமான மதிப்பு தாழ்ந்த முன்னுரிமைக்கு 8 நிமிடம், நடுத்தரத்துக்கு 4, உயர்வுக்கு 2, நெட்வொர்க்குக்கு 1.

இப்போது லிவ்டைமையும் மறுமுயற்சியையும் ஏற்றி, செத்ததாக அறியும் நேரத்தை 3 நிமிடமாக்கிவிட்டு ஹெச்பிஆர்பிஎஸ்டியைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? உயர் முன்னுரிமை பைப் பாதை தேடும். டோப்பாலஜியில் பழைய லிங்க் இன்னும் உயிரோடு இருப்பதாகவே தெரியும். அதையே திரும்பத் தேர்ந்தெடுக்கும். 2 நிமிடம் முடிந்ததும் செஷன் விழும். பக்கத்தில் நல்ல லிங்க் ஒன்று சும்மா இருந்தும் பயன்படாமல் போகும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு சேர்த்தே மாற்றுங்கள்.

மற்றவை

எப்போதும் நிற்க வேண்டிய லிங்குக்கு ‘டிஸ்கன்ட்=நோ’ வேண்டும், இல்லாவிட்டால் செஷன் இல்லாத நேரத்தில் வீட்டாமே துண்டித்துவிடும். என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டருக்கு ஸ்டாடிக் விப்பாதான் (எந்த ஒரு அடாப்டரோடும் கட்டுப்படாத ஐபி முகவரி), டைனமிக் விப்பா ஆகாது. ஐபிஎம் தரும் டிஜிபி (லிங்க் பண்புகள்), சிஓஎஸ் (சேவை வகுப்பு) மெம்பர்களை வீட்டாமின் வரையறை நூலகமான வீட்டாம்லிஸ்ட்டுக்கு நகல் எடுத்து ஆக்டிவேட் செய்யுங்கள். அதைச் செய்யாமல் எல்லா லிங்கும் ஒரே எடையில் நின்றால், போக்குவரத்து நீங்கள் நினைக்காத மெதுவான பாதையில் போகும்.

இன்னொன்று. அவசரத்தில் கன்சோலிலிருந்து ஒரு மேஜர் நோடை (வரையறைத் தொகுப்பு) ஆக்டிவேட் செய்கிறோம், மாடிஃபை வீட்டாமாப்ட்ஸ் போட்டு ஒரு ஆப்ஷனை மாற்றுகிறோம். இணைப்பு ஓடுகிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். மேஜர் நோடின் பெயர் ஏடிசிகான் மெம்பரிலும், ஆப்ஷன் ஏடிசிஸ்டார் மெம்பரிலும் ஏறாவிட்டால் அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டம் மறுதொடக்கத்தில்) இரண்டும் காணாமல் போகும். அது பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நடக்கும்; மாற்றியவர் அன்று டியூட்டியில் இருக்க மாட்டார்.